கொழுப்பே கொழுப்பை எரிக்கச் சொல்லுதுன்னா ஃபேட்டி லிவர் எப்படி வருது?

பொருநை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார், கல்லீரல் செல்லுல ஃபேட்டி ஆசிட் எப்படி நியூக்ளியர் ரிசெப்டரை (ஜீனை ஆன் ஆஃப் பண்ற புரோட்டீன்) கண்ட்ரோல் பண்ணுதுங்கறதுதான் எனக்கு வந்த தலைப்பு. புக்குல ஒரே ஒரு படம் இருக்கு, ஃபேட்டி ஆசிட் உள்ள வருது, பிபார் ஆல்ஃபாங்கற ரிசெப்டர்ல ஒட்டுது, அது ஆர்எக்ஸ்ஆர்ங்கற இன்னொரு ரிசெப்டர் கூட ஜோடி சேருது, டிஎன்ஏல உக்காருது, கொழுப்பை எரிக்கற ஜீன் எல்லாம் ஆன் ஆகுதுன்னு நாலு அம்புக்குறியில முடிச்சுட்டாங்க. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுடலாம்தான், ஆனா மனசு ஒப்பல.

ஏன்னா போன மாசம்தான் எங்க அப்பாவுக்கு ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்துச்சு. அந்த ரிப்போர்ட்டையும் இந்தப் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகவே இல்ல. கொழுப்பு ஜாஸ்தி ஆனா ரிசெப்டர் ஜாஸ்தி ஆன் ஆகணும், ரிசெப்டர் ஆன் ஆனா கொழுப்பு எரிஞ்சு தீரணும், அப்போ கல்லீரல்ல கொழுப்பு சேரவே கூடாதுல்ல? எங்க அப்பா கல்லீரல்ல கொழுப்புக்கு பஞ்சமே இல்ல, அப்புறம் ஏன் அந்த சிக்னல் வேலை செய்யல? எங்க மேடம் கிட்ட கேட்டேன், இது சிலபஸ்ல இல்லன்னுட்டாங்க. இதுல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எவ்ளோ நீளமா இருந்தாலும் படிப்பேன்.

சென்ட்ரிஃபியூஜ் எழுதியது:

நல்ல கேள்விமா. நான் பிஎச்டில நியூக்ளியர் ரிசெப்டர்லதான் அஞ்சு வருஷம் கிடந்தேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உன் படத்துல முதல் அம்புக்குறியே பாதி உண்மைதான். கல்லீரல் செல்லுக்குள்ள ஃபேட்டி ஆசிட் தனியா சுத்தறது ரொம்ப ரொம்ப கம்மி. ரத்தத்துல ஆல்புமின் முதுகுல ஏறி வரும், செல்லுக்குள்ள நுழைஞ்ச உடனே ஒண்ணு கோ-ஏங்கற சின்ன மூலக்கூறு ஒட்டி அசைல் கோ-ஏ ஆயிடும், இல்லன்னா எஃப்ஏபிபி-1ங்கற புரோட்டீன் புடிச்சு வெச்சுக்கும். இந்த புரோட்டீன் லேசுப்பட்டது இல்ல, கல்லீரல் சைட்டோசால்ல இருக்கற மொத்த புரோட்டீன்ல 2 முதல் 5 சதவீதம் இதுதான். அது ஃபேட்டி ஆசிடை தூக்கிட்டு நியூக்ளியஸ் உள்ள போய் பிபார் ஆல்ஃபாவை தொட்டு நேரா கைமாத்தி விடுதுன்னு 2001ல ஜெர்மனில முன்ஸ்டர் க்ரூப் காட்டுனாங்க. அதாவது செல்லுல எவ்ளோ கொழுப்பு இருக்குங்கறது ஒரு கணக்கு, நியூக்ளியஸ் வரைக்கும் எவ்ளோ போய் சேருதுங்கறது வேற கணக்கு. உன் கேள்விக்கு பாதி பதில் இங்கயே இருக்கு. குடோன்ல மூட்டை மூட்டையா அரிசி இருக்கலாம், ஆனா உலைக்கு போனாத்தான சோறு. டிரைகிளிசரைடுங்கற சேமிப்பு கொழுப்பா மாறி துளியா ஒதுங்கின கொழுப்பு ரிசெப்டர் கண்ணுக்கே தெரியாது.

அடுத்து ரிசெப்டர். மனுஷனுக்கு மொத்தம் 48 நியூக்ளியர் ரிசெப்டர் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் மாதிரி ஆளுங்களுக்கு பாக்கெட், அதாவது மூலக்கூறு வந்து உக்கார்ற குழி, சின்னது, குறிப்பிட்ட ஹார்மோன் வந்தாத்தான் சரியா உக்காரும். பிபாரோட பாக்கெட் அப்படி இல்ல, கிட்டத்தட்ட 1300 கன ஆங்ஸ்ட்ராம், ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாக்கெட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல. திண்ணை வெச்ச வீடு மாதிரி, ஒலியிக் வந்தாலும் உக்காரலாம், லினோலியிக் வந்தாலும் உக்காரலாம், மீன் எண்ணெய்ல இருக்கற இபிஏ, டிஹெச்ஏ வந்தாலும் உக்காரலாம். எதுவும் இரும்புப் பிடியா ஒட்டாது, அதுதான் விஷயமே. ஒரே ஒரு மூலக்கூறுக்காக காத்துட்டு இருக்கற ரிசெப்டர் இல்ல இது, கொழுப்பு வரத்து எவ்ளோன்னு மொத்தமா அளந்து பாக்கற ரிசெப்டர்.

ஃபேட்டி ஆசிடோட கார்பாக்சில் தலை பாக்கெட்டுக்குள்ள ரெண்டு டைரோசின், ஒரு ஹிஸ்டிடின், ஒரு செரின் கூட ஹைட்ரஜன் பாண்ட் போடும். அந்த டைரோசின்ல ஒண்ணு ஹெலிக்ஸ் 12ங்கற கடைசி துண்டுல இருக்கு. தலை அதை புடிச்சு இழுத்ததும் ஹெலிக்ஸ் 12 மூடி மாதிரி வந்து உடம்போட சேந்து படுத்துக்கும். அது வரைக்கும் ரிசெப்டர் மேல என்கோர், ஸ்மர்ட்னு கோ-ரெப்ரஸர் உக்காந்து ஜீனை அமுக்கி வெச்சிருக்கும், மூடி மூடினதும் அதுங்க எறங்கி ஜீனை ஆன் பண்ற எஸ்ஆர்சி-1, சிபிபி, பிஜிசி-1 ஆல்ஃபா எல்லாம் ஏறும். செமினார்ல இந்த ஒரு இடத்தை நிறுத்தி நிதானமா சொல்லு, மத்ததெல்லாம் வேகமா போனாலும் பரவால்ல. ஏன்னா பதினெட்டு கார்பன் இருக்கற ஒரு சாதாரண சங்கிலி அவ்ளோ பெரிய புரோட்டீனை எப்படி திருப்புதுங்கறது இங்கதான் கண்ணுக்கு தெரியுது.

கதை எப்படி ஆரம்பிச்சதுன்னும் சொல்லு. 1960கள்ல க்ளோஃபைப்ரேட்னு கொழுப்பு குறைக்கற மருந்து வந்துச்சு, பிரிட்டன்ல ஐசிஐ கம்பெனியோடது. எலிக்கு குடுத்தா கல்லீரல் வீங்குது, செல்லுக்குள்ள கொழுப்பை வெட்டற பெராக்சிசோம்ங்கற குட்டி பைகள் பல மடங்கு பெருகுது, ஏன்னு யாருக்கும் தெரியல. நம்ம நாட்டுல மருத்துவம் படிச்சுட்டு அமெரிக்கா போன ஜனார்தன் ரெட்டிதான் இதை விடாம துரத்துனவர், இந்த வகை மருந்தெல்லாம் எலியோட கல்லீரல்ல புற்றுநோய் உண்டாக்குதுன்னு 1980ல நேச்சர்ல எழுதுனார், இதுக்குன்னு ஒரு ரிசெப்டர் இருக்கணும்னும் சொல்லிட்டே இருந்தார். 1990ல ஐஸெமானும் க்ரீனும் சுண்டெலி கல்லீரல்லேர்ந்து அந்த ரிசெப்டரை க்ளோன் பண்ணாங்க. பெராக்சிசோமை பெருக்கறதை வெச்சு பேரு வந்துச்சு, அதான் பிபார். ஆனா உடம்புக்குள்ள அதை இயக்கற சொந்த பொருள் என்னன்னு அப்போ தெரியாது. 1992ல ஃபேட்டி ஆசிடே இயக்குதுன்னு தெரிஞ்சுது, 1997ல நேரடியாவே ஒட்டுதுன்னு அடுத்தடுத்து பல லேப் நிரூபிச்சாங்க. அது வரைக்கும் எரிபொருள்னு மட்டும் நினைச்சிட்டு இருந்த பொருள் ஹார்மோன் செய்யற வேலையையும் செய்யுதுன்னு தெரிஞ்ச நாள் அது, எனக்கு இப்ப நினைச்சாலும் சிலிர்க்குது.

பொருநை எழுதியது:

அண்ணா ரொம்ப நன்றி, ஹெலிக்ஸ் 12 எங்க புக்குல ஒரு வரி கூட இல்ல. ஒரு சந்தேகம், ஆன் ஆகறது புரியுது, ஆஃப் எப்படி ஆகும்? ஃபேட்டி ஆசிட் எப்பவுமே செல்லுல இருந்துட்டே தான இருக்கும்?

சென்ட்ரிஃபியூஜ் எழுதியது:

அதுக்கு ஒரு அழகான எலி இருக்கு. பிபார் ஆல்ஃபா ஆன் பண்ற ஜீன்ல ஒண்ணு ஏகாக்ஸ்-1, பெராக்சிசோம்ல நீள சங்கிலி ஃபேட்டி ஆசிடை வெட்டற முதல் என்சைம். அந்த ஒரு ஜீனை மட்டும் எடுத்துட்ட எலி, ரெட்டி லேப்ல உண்டாக்குனது, அதுக்கு மருந்தே குடுக்காம பெராக்சிசோம் தானா பெருகுச்சு, பிபார் ஆல்ஃபாவோட டார்கெட் ஜீனெல்லாம் நிக்காம ஓடிட்டே இருந்துச்சு, கல்லீரல்ல கொழுப்பும் வீக்கமும் வந்து வயசானதும் கட்டியும் வந்துச்சு. ஏன்? வெட்டப்படாம தேங்கி நின்ன பொருள்தான் ரிசெப்டரை விடாம இயக்கிட்டு இருந்தது. அப்போ சாதாரண எலில என்ன நடக்குதுன்னா சிக்னல் வந்து என்சைமை உண்டாக்குது, அந்த என்சைம் சிக்னலையே தின்னு தீர்க்குது. ஆஃப் சுவிட்ச் தனியா தேவையில்ல.

எலிக்கூண்டு எழுதியது:

நான் சுண்டெலில மெட்டபாலிசம் பண்றேன், பட்டினி எக்ஸ்பெரிமெண்ட்தான் என் பொழப்பு. பொருநை, நீ கேட்ட முரண் பத்தி சொல்லணும்னா இந்த ரிசெப்டர் எதுக்காக இருக்குன்னு முதல்ல பாக்கணும். சாப்பாடு மிஞ்சிப் போனா அதை எரிக்கறதுக்காக வந்தது இல்ல இது. சாப்பாடு இல்லாதப்போ உயிரை காப்பாத்தறதுக்காக இருக்கறது.

1999ல ரெண்டு க்ரூப் பிபார் ஆல்ஃபா இல்லாத எலியை ஒரு நாள் பட்டினி போட்டாங்க. நல்லா சாப்பிடற வரைக்கும் அந்த எலிக்கும் சாதா எலிக்கும் வித்தியாசமே தெரியல. பட்டினி போட்டதும் சர்க்கரை இறங்கிடுச்சு, உடம்பு சில்லிட்டுப் போச்சு, கொழுப்பு எரிஞ்சா உண்டாகற எரிபொருளான கீட்டோன் சரியா ஏறல, கல்லீரல் முழுக்க கொழுப்பு. யோசிச்சுப் பாரு, வயிறு காலி ஆனா கல்லீரல் கொழுப்பால வெளுத்துப் போயிருக்கு. பட்டினில தோலடி கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல ஃபேட்டி ஆசிட் ஏறும், அது அத்தனையும் கல்லீரல் வாசலுக்கு வரும். பிபார் ஆல்ஃபா இருந்தா சிபிடி-1 (ஃபேட்டி ஆசிடை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள விடற என்சைம்), ஹெச்எம்ஜிசிஎஸ்-2 (கீட்டோன் செய்யற என்சைம்) எல்லாம் கூடி அதை எரிச்சு மூளைக்கு கீட்டோனா அனுப்பும், எஃப்ஜிஎஃப்-21ங்கற ஹார்மோனையும் வெளிய விடும். ரிசெப்டர் இல்லன்னா வந்த சரக்கு அப்படியே தேங்கிடும். இன்னொரு எக்ஸ்பெரிமெண்ட் 1998ல, இதே எலிக்கு சிபிடி-1ஐ அடைக்கற எடோமாக்சிர்ங்கற மருந்தை குடுத்தாங்க, ஆண் எலி அத்தனையும் செத்துப் போச்சு, பெண் எலில கால்வாசிதான் செத்துது, ஆண் எலிக்கு முன்னாடியே ஈஸ்ட்ரோஜன் குடுத்தா பெருவாரியா பொழச்சுது. பெண் உடம்புல இதுக்கு வேற ஒரு பாதுகாப்பு இருக்குன்னு அர்த்தம், அந்த பக்கம் இன்னும் நிறைய பேர் வேலை பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

இப்ப உங்க அப்பா விஷயம். அவர் பட்டினி இல்ல, சாப்பிடறார், ரத்தத்துல இன்சுலின் ஜாஸ்தி. இன்சுலின் இருந்தா எம்டார்சி-1ங்கற, சாப்பாடு இருக்குன்னு செல்லுக்கு சொல்ற புரோட்டீன் ஆன்ல இருக்கும், அது பிபார் ஆல்ஃபாவை அமுக்கும், 2010ல வந்த வேலை இது, எம்டார்சி-1 ஆஃப் ஆகாத எலிய பட்டினி போட்டாலும் கீட்டோன் சரியா வரல. அது ஒரு பூட்டு. ரெண்டாவது பூட்டு அதை விட பழசு, 1977ல டல்லாஸ்ல மெக்கேரியும் ஃபாஸ்டரும் கண்டுபுடிச்சது. சாப்பாட்டு மாவுச்சத்துலேர்ந்து கல்லீரல் புதுசா கொழுப்பு செய்யும்போது நடுவுல மலோனைல் கோ-ஏ வரும், அது மைட்டோகாண்ட்ரியா வாசல்ல நிக்கற சிபிடி-1ஐ நேரடியா அடைச்சிடும். அதனால பிபார் ஆல்ஃபா எவ்ளோ கத்தி ஜீனை ஆன் பண்ணாலும், என்சைம் எவ்ளோ உண்டானாலும், வாசல் சாத்தி இருந்தா ஒண்ணும் உள்ள போகாது. உன் படத்துல "ஜீன் ஆன்"ங்கறதோட அம்புக்குறி நின்னுடுது பாரு, ஜீன் ஆன் ஆகறதும் கொழுப்பு எரியறதும் ஒண்ணு இல்ல.

அப்புறம் எந்த கொழுப்பு சிக்னலா மாறுதுங்கறதுலயே ஒரு சுவாரஸ்யம் இருக்கு. 2005ல செயிண்ட் லூயிஸ்ல செமன்கோவிச் லேப், கல்லீரல்ல மட்டும் ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் இல்லாத எலியை உண்டாக்குனாங்க. கொழுப்பே இல்லாத தீனி குடுத்தா அந்த எலிக்கு சர்க்கரை இறங்கி ஃபேட்டி லிவர் வந்துச்சு, கொழுப்பு செய்யற என்சைம் இல்லாத கல்லீரல்ல கொழுப்பு! பிபார் ஆல்ஃபாவை இயக்கற மருந்து குடுத்ததும் சரியாச்சு. அதுலேர்ந்து அவங்க சொன்னது, புதுசா செஞ்ச கொழுப்பும் சாப்பாட்டுல வந்த கொழுப்பும்தான் ரிசெப்டரை இயக்கும், உடம்புல சேத்து வெச்ச பழைய கொழுப்பு கரைஞ்சு வந்தா இயக்காதுன்னு. 2009ல ரிசெப்டர் மேல என்ன ஒட்டியிருக்குன்னு உரிச்சுப் பாத்தாங்க, வெறும் ஃபேட்டி ஆசிட் இல்ல, 16 கார்பனும் 18 கார்பனும் சேந்த ஒரு பாஸ்பாடிடைல்கோலின், செல் சவ்வுல இருக்கற வகை கொழுப்பு. உங்க அப்பாவுக்கு வந்து சேர்ற கொழுப்பு பெரும்பாலும் பழைய கொழுப்பு, அதனாலதான் சிக்னல் வரலன்னு கூட சொல்லலாம்.

சென்ட்ரிஃபியூஜ் எழுதியது:

கடைசி பத்தி மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் எலிக்கூண்டு. அந்த 2005, 2009 வேலை நல்ல வேலை, அதுல சந்தேகம் இல்ல. ஆனா "பழைய கொழுப்பு இயக்காது"ன்னு செமினார்ல சொன்னா கேள்வி கேப்பாங்க. 2011லயே கல்லீரல் துளில இருக்கற டிரைகிளிசரைடை உடைக்கற ஏடிஜிஎல் என்சைம் இருந்தாத்தான் பிபார் ஆல்ஃபா ஒழுங்கா வேலை செய்யுதுன்னு வந்துச்சு. 2022ல துலூஸ் க்ரூப், கொழுப்பு திசுல மட்டும் ஏடிஜிஎல்லை எடுத்துட்டு பட்டினி போட்டுப் பாத்தாங்க, கல்லீரல்ல பிபார் ஆல்ஃபா வேலை பெரிய அளவுல விழுந்துடுச்சு. அதாவது தோலடியிலேர்ந்து கரைஞ்சு வர்ற பழைய கொழுப்புதான் பட்டினி நேரத்து சிக்னல்னு அந்த வேலை சொல்லுது. நீ சொன்ன 1999 பட்டினி எலிக்கும் இதுதான் பொருந்தும்.

எலிக்கூண்டு எழுதியது:

சரிதான், 2022 பேப்பரை வெச்சு பாத்தா நான் எழுதுனது ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. பொருநை, அந்த கடைசி வரியை எடுத்துக்காத. சாப்பிட்ட கல்லீரல்ல ஒரு மாதிரி கொழுப்பு, பட்டினி கல்லீரல்ல ஒரு மாதிரி கொழுப்பு சிக்னலா போகலாம், ரெண்டு தரப்பு எக்ஸ்பெரிமெண்டையும் பக்கத்து பக்கத்து ஸ்லைடுல போட்டு காட்டு.

ஓபி_நேரம் எழுதியது:

நான் கேஸ்ட்ரோ டாக்டர். ரிசெப்டர் விவரமெல்லாம் மேல இருக்கறவங்க என்னை விட நல்லா சொல்லிட்டாங்க, பேஷண்ட் பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம்.

பொருநை, உங்க அப்பா மாதிரி ஃபேட்டி லிவர் இருக்கறவங்களுக்கு கல்லீரல் கொழுப்பு எங்கேர்ந்து வருதுன்னு 2005ல அமெரிக்காவுல ட்ரேசர் (அடையாளம் போட்ட மூலக்கூறு) குடுத்து அளந்தாங்க. சுமார் 59 சதவீதம் ரத்தத்துல சுத்தற ஃபேட்டி ஆசிட், அது பெரும்பாலும் உடம்பு கொழுப்பு கரைஞ்சு வர்றது, 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரை மாவுச்சத்துலேர்ந்து புதுசா செஞ்சது, மீதி 15 சதவீதம்தான் சாப்பாட்டு எண்ணெய்லேர்ந்து நேரா வந்தது. எண்ணெயை மட்டும் நிறுத்திட்டு மூணு வேளையும் தட்டு நிறைய சோறு சாப்பிடறவங்களுக்கு ஏன் குறையலன்னு ஓபில தினமும் இந்த கணக்கைத்தான் சொல்லிட்டு இருக்கேன். கல்லீரல் நோய் முத்தி வீக்கம் வந்தவங்களுக்கு பிபார் ஆல்ஃபாவோட அளவே கல்லீரல்ல குறைஞ்சு போயிருக்குன்னு 2015ல பயாப்ஸில பாத்திருக்காங்க, ஒரு வருஷத்துல கல்லீரல் தேறுனவங்களுக்கு அது திரும்ப ஏறியும் இருந்துச்சு. அதாவது நோய் முத்த முத்த அந்த ரிசெப்டரும் குறைஞ்சுட்டு வருது, அதனால சீக்கிரம் கவனிக்கறது முக்கியம்.

அப்போ மாத்திரை போட்டு ரிசெப்டரை ஆன் பண்ணலாமேன்னு கேப்பீங்க. ஃபீனோஃபைப்ரேட் அதைத்தான் பண்ணுது, ரத்தத்துல டிரைகிளிசரைடு நல்லா இறங்கும், ஆனா மனுஷன் கல்லீரல்ல தேங்குன கொழுப்பு எதிர்பாத்த அளவு குறையறது இல்ல. எலிக்கும் நமக்கும் இங்க வித்தியாசம் பெருசு, எலிக்கு மாதிரி பெராக்சிசோம் நமக்கு பெருகாது, அதனால அந்த புற்றுநோய் பயமும் நமக்கு அப்படியே பொருந்தாது. பெமாஃபைப்ரேட்னு கூர்மையா பிபார் ஆல்ஃபாவை மட்டும் புடிக்கற மருந்தை பத்தாயிரத்துக்கு மேல சர்க்கரை நோயாளிகளை வெச்சு, பாதி பேருக்கு மருந்து பாதி பேருக்கு வெத்து மாத்திரைன்னு குடுத்து சோதிச்சு 2022ல முடிவு வந்துச்சு, டிரைகிளிசரைடு கால்வாசி குறைஞ்சும் மாரடைப்பு குறையல. நம்ம ஊர்லயே அகமதாபாத்ல உருவான சாரோக்ளிட்டாசார்ங்கற மருந்து பிபார் ஆல்ஃபா, அதோட சொந்தக்காரனான பிபார் காமா ரெண்டையும் இயக்கும், 2013ல சர்க்கரை நோயாளிகளோட கொழுப்புக்கும் 2020ல வீக்கத்தோட இருக்கற ஃபேட்டி லிவருக்கும் இந்தியால அனுமதி கிடைச்சுது. யாருக்கு குடுக்கறதுங்கறதை அவரை பாக்கற டாக்டர்தான் சொல்லணும், நெட்ல படிச்சுட்டு வாங்கிக் குடுத்துடாதீங்க. உடம்பு எடைல 7லேர்ந்து 10 சதவீதம் குறைச்சா கல்லீரல்ல நல்ல மாற்றம் தெரியும், எல்லா மருந்துக்கும் முன்னாடி அதைத்தான் கேக்கறோம்.

கீரைக்கட்டு எழுதியது:

நான் சயின்ஸ் படிச்சவ இல்ல, ஆனா முழுசா படிச்சேன், பாதி புரிஞ்சுது. அந்த ரிசெப்டர்ல எந்த கொழுப்பு வேணாலும் உக்காரும்னு சொன்னீங்க, அப்போ மீன் எண்ணெய் மட்டும் நல்லதுன்னு ஏன் சொல்றாங்க? நல்லெண்ணெய்க்கு எதாவது இருக்கா?

சென்ட்ரிஃபியூஜ் எழுதியது:

அக்கா, நீங்க கேட்டது செமினார்லயே வர வேண்டிய கேள்வி. மீன் எண்ணெய் பிபார் ஆல்ஃபாவை இயக்கறதோட நிக்கல. கல்லீரல்ல எல்எக்ஸ்ஆர்னு இன்னொரு ரிசெப்டர் இருக்கு, கொலஸ்ட்ரால் ஆக்சிஜன் ஏறுன வடிவத்துல வந்து அதை ஆன் பண்ணும். அது எஸ்ஆர்இபிபி-1சிங்கற ஜீனை ஏத்திவிடும், அதுதான் கொழுப்பு செய்யற வேலைக்கு மேஸ்திரி. இரட்டைப் பிணைப்பு நிறைய இருக்கற ஃபேட்டி ஆசிட் இந்த எல்எக்ஸ்ஆரை தடுக்குதுன்னு 2001ல செல்லுல காட்டுனாங்க, அது போக அந்த மேஸ்திரி புரோட்டீன் வெட்டப்பட்டு நியூக்ளியஸ்குள்ள போறதையும் வேற வழில தடுக்குது. ஆக ஒரு பக்கம் எரிக்கற ஜீன் ஏறுது, இன்னொரு பக்கம் செய்யற ஜீன் இறங்குது. வெண்ணெய்ல இருக்கற மாதிரி நிறைவுற்ற கொழுப்புக்கு இந்த ரெண்டாவது வேலை தெரியாது. டாக்டர்கள் டிரைகிளிசரைடு குறைக்க நாளைக்கு 4 கிராம் வரைக்கும் ஒமேகா-3 எழுதறாங்க, 20லேர்ந்து 30 சதவீதம் இறங்கும், அது மத்தி, கானாங்கெளுத்தி குழம்புல வர்ற அளவை விட ரொம்ப ஜாஸ்தி, ஆனா குழம்பு வைக்கறதை யாரும் வேணாம்னு சொல்லப் போறதில்ல.

நல்லெண்ணெய் கேட்டீங்க. எள்ளுல செசமின்னு ஒண்ணு இருக்கு, அது ஃபேட்டி ஆசிட் இல்ல, லிக்னான். ஜப்பான்ல எலிக்கு தீனில கலந்து குடுத்தப்போ கல்லீரல்ல கொழுப்பு எரிக்கற என்சைமெல்லாம் நல்லா ஏறுச்சு. ஆனா பிரிச்செடுத்த செசமினை தனியா கலந்து குடுத்தது, அதுவும் எலிக்கு, அதனால தாளிக்கற ஒரு கரண்டிக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

பொருநை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. எலிக்கூண்டு அண்ணா சொன்ன மாதிரி ரெண்டு எக்ஸ்பெரிமெண்டும் பக்கத்து பக்கத்துல வெச்சுட்டேன். படத்தை அழிச்சுட்டு புதுசா வரைஞ்சேன், கல்லீரல் செல்லு ரெண்டு, ஒண்ணு பட்டினி ஒண்ணு சாப்பிட்டது, ரெண்டுலயும் அதே ரிசெப்டர், பட்டினி பக்கம் சிபிடி-1 கதவு திறந்திருக்கு, சாப்பிட்ட பக்கம் மலோனைல் கோ-ஏ அடைச்சுட்டு நிக்குது. நேத்து ராத்திரி அப்பா பக்கத்துல உக்காந்து இது என்ன கதவுன்னு கேட்டாரு, சொன்னேன், உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு சாப்பிட்டுட்டு காலைல ஆறு மணிக்கே இட்லி போயிடுதேப்பா, இது எப்ப திறக்கும்னு கேட்டேன். ஒண்ணும் பேசல, இன்னைக்கு ஏழரைக்கே சாப்பிட்டு முடிச்சுட்டாரு.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ஹெச்என்எஃப்-4 ஆல்ஃபான்னு கல்லீரல்ல இன்னொரு ரிசெப்டர்லயும் ஃபேட்டி ஆசிட் ஒட்டும்னு ஒரு ரிவ்யூல பாத்தேன், அதையும் சேக்கணுமா?

சென்ட்ரிஃபியூஜ் எழுதியது:

ஒரு ஸ்லைடு சேத்துக்கோமா, ஒப்பிட்டு காட்ட நல்லா இருக்கும். சாப்பிட்ட எலி கல்லீரல்ல அதுல லினோலியிக் ஆசிட் உக்காந்திருக்கு, பட்டினி போட்டா காணாமப் போகுதுன்னு 2009ல ஸ்லேடெக் லேப் காட்டுனாங்க, ஆனா ஒட்டினாலும் ஒட்டலன்னாலும் ஜீனை ஆன் பண்ற வேலைல பெருசா மாற்றம் தெரியல. பிபார் ஆல்ஃபாவுக்கு ஃபேட்டி ஆசிட் சுவிட்ச், இங்க அது என்ன பண்ணுதுன்னு இன்னும் திறந்த கேள்வி. யாராவது அதை கேட்டா தயங்காம அப்படியே சொல்லிடு.